இடது கைப் பக்கம் தெரிந்த வலை

செல்போன் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு: ஊரில் யார் எடுத்த போட்டோ கெட்டுப்போனாலும் அது அவன் விற்ற போனின் குற்றமாகி, அவன் கடை வாசலில்தான் வந்து நிற்கும்.

பழவேற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் என் கடை. முன்பு அதே இடத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். எல்லார் கையிலும் கேமரா வந்த பிறகு, பின்னால் தொங்கிய திரையைக் கழற்றிவிட்டு சார்ஜரும் போன் உறையும் தொங்கவிட்டேன். போன் வாங்குகிறவர்களுக்கு நல்லபடியாகப் படமெடுக்கச் சொல்லிக்கொடுப்பேன். கேட்காவிட்டாலும் சொல்லிக்கொடுப்பேன். இதே தொழிலில் இருந்து இதே போலத் திட்டு வாங்கும் நண்பர்களே, ஐம்பத்து நாலு வயதில் நான் வாங்கிய அடிகள் உங்களுக்காக.

மூன்று மாதப் பனி

குப்பன் ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் கிராமத்துக்காரர். ஊர்ப் பெயர் வேண்டாம். இறால் வலை போடுகிறவர், நாற்பது வயது இருக்கும். ஒரு நாள் போனை என் மேசைமீது வைத்து, "இன்னாணா போன் குடுத்த? எத எடுத்தாலும் பனி மூட்டமா கீது" என்றார்.

உப்புத் தண்ணீர் படக் கூடாது என்று போனை பாலிதீன் பையில் போட்டு, வாயை முறுக்கி, ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தார். ஏரியில் எல்லாரும் அப்படித்தான் கொண்டுபோகிறார்கள். ஆனால் இவர் கரைக்கு வந்த பிறகும் மூன்று மாதமாகப் பையைக் கழற்றவே இல்லை. பேசுவது, பார்ப்பது, படமெடுப்பது எல்லாம் பைக்கு மேலேயே. உள்ளே இருந்த படங்களைத் தள்ளிப் பார்த்தேன். மகளின் காதுகுத்து, வெள்ளைப் புகை. மாமனார் சாவதற்கு முன் எடுத்த கடைசிப் படம், வெள்ளைப் புகைக்குள் ஒரு மீசை. இனி அந்த மனிதரை யார் எங்கே போய்ப் படமெடுப்பது?

பையைக் கழற்றி, லென்ஸைப் பழைய பருத்தித் துணியால் துடைத்து, குப்பனையே ஒரு படம் எடுத்துக் காட்டினேன். நரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பைய கயட்டினா படம் நல்லா வரும், செரி. போன் ஏரில வுயுந்தா நீயா வந்து முங்கி எடுப்ப?"

உயிரோடு இருந்த நண்டு

குப்பனின் மனைவி தேசம்மா நண்டு வாங்கி விற்கிறவர். சென்னையில் இருக்கும் ஓட்டல்காரருக்குப் படம் அனுப்பி, அவர் சரி என்றால் கூடையை பஸ்ஸில் ஏற்றுவார். படம் இருட்டாக இருக்கிறது என்று கடைக்கு வந்தார். கேமராவில் சாப்பாட்டைப் படமெடுக்கவென்று ஒரு மோடு இருக்கிறது, வைத்தால் எல்லாம் பளபளக்கும் என்று நானே அதைப் போட்டுக்கொடுத்தேன்.

மறுநாள் கூடையோடு திரும்பி வந்தார். கரும்பச்சை நண்டு படத்தில் செக்கச்செவேலென்று இருந்தது. ஓட்டல்காரர் உயிர் நண்டு கேட்டால் அவித்த நண்டு அனுப்புவதா என்று கத்தி, வேண்டாம் என்றுவிட்டாராம். கூடைக்குள் நண்டுகள் காலை நீட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அந்தச் சிவப்புப் படத்தையே பார்த்தேன். தேசம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது. "உசுரோட இருந்தத நீ போன்லயே அவிச்சிட்டியே ணா" என்றார்.

கோணல் முகம்

அடுத்த மாதம் குப்பன் மறுபடி வந்தார். செல்பி எடுத்தால் முகம் கோணலாக வருகிறதாம். எனக்கு இது பழக்கமான புகார். நாம் நம் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். கண்ணாடி இடத்தை வலமாகக் காட்டுகிறது. செல்பியைப் போன் நேராக்கிச் சேமித்ததும், வகிடு இடம் மாறி, யாரோ மாதிரித் தெரிகிறோம். அமைப்பில் ஒரு சின்னப் பொத்தானைத் தள்ளிவிட்டால், கண்ணாடியில் தெரிவது போலவே படமும் பதியும். தள்ளிவிட்டேன்.

கூடவே வாய் சும்மா இருக்கவில்லை. பொழுது கிளம்பின பத்து நிமிஷத்துக்குள் எடுங்கள், வெயில் முகத்தில் விழ நில்லுங்கள், உங்கள் படகும் வலையும் பின்னால் தெரியட்டும், ஆளை மட்டும் எடுத்தால் யாருக்கு என்ன தெரியும் என்றெல்லாம் பாடம் நடத்தினேன். கடையிலேயே ஒரு செல்பி எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "இப்பதான்ணா இது நானு" என்றார்.

கழிக்கு எந்தப் பக்கம்

அந்த ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். குப்பனுக்கு விழுந்த இடத்துக்கும் அடுத்தவருக்கு விழுந்த இடத்துக்கும் நடுவில் நட்டுவைத்த ஒரே ஒரு கழி. கழிக்கு நேர் பின்னால் தூரத்தில் லைட்டவுஸ் தெரிந்தால் அதுதான் எல்லை. அதைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் குப்பனுக்கு, இடது கைப் பக்கம் மற்றவருக்கு. ஒருவர் அடுத்தவர் இடத்தில் கட்டிவிட்டால் அந்தப் பருவம் முழுக்க அவருக்குப் பாடு கிடையாது. வீட்டில் உலை வைப்பதே அதை நம்பித்தான்.

தேசம்மா ஓடி வந்து சொன்னபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மூன்று நாளைக்கு முன் விடியலில் குப்பன் எல்லை தாண்டி வந்து வலை கட்டினான் என்று அடுத்த இடத்துக்காரர் பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறார். வலையை அன்றைக்கே எடுத்தாகிவிட்டது, பார்த்த சாட்சி இல்லை. குப்பன் நிமிர்ந்து நின்று, "என் போன்ல கீது சாட்சி" என்று அன்று விடியலில் எடுத்த செல்பியைத் தானே நீட்டியிருக்கிறார். நடுவில் கழி. கழிக்குப் பின்னால் லைட்டவுஸ். வலை, இடது கைப் பக்கம்.

குப்பன் போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாராம். அதன் பிறகு வீட்டில் ஒரு வார்த்தைதான் பேசினாராம், விடியாத இருட்டில் தப்பாகக் கட்டிவிட்டேனோ என்று. ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. தேசம்மா என்னிடம் நீதி கேட்க வரவில்லை. ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்திருந்தார்: "போட்டோ பொய் சொல்லாதுனு நீதானணா எப்பவும் சொல்லுவ?"

ஐஸ் பெட்டியில் ஒரு பெயர்

அந்தப் படத்தை அவர் தன் போனில் காட்டினார். முதலில் நானும் நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். நல்ல படம். முகத்தில் பொன் வெயில், நான் சொன்னபடியே. தொழில் கர்வத்தில் ஒரு நொடி ரசிக்கக்கூடச் செய்தேன். பிறகு விரலால் பெரிதாக்கினேன். குப்பனின் முழங்கைக்குக் கீழே, சாக்குப் போட்டு மூடிய ஐஸ் பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. அதில் பெயின்டில் எழுதியிருந்த அவர் பெயர் தலைகீழாக இல்லை, ஆனால் பின்னாலிருந்து முன்னால் ஓடியது. முகத்தை அவருக்குப் பிடித்த மாதிரி ஆக்க நான் தள்ளிய பொத்தான், ஏரியையே இடம் மாற்றி வைத்திருந்தது.

போனில் ஏதோ கோளாறு என்று தேசம்மாவிடம் சொல்லி அனுப்பிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. ஊருக்கே படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தவனே இப்படி என்று தெரிந்தால், இனி யார் என் கடைப் பக்கம் வருவார்கள்? இத்தனை வருஷம் நான் செய்தது என்ன தொழில், உள்ளதைக் காட்டியதா, ஆட்களுக்குப் பிடித்ததைக் காட்டியதா என்று கேட்டுக்கொண்டால் பதில் நன்றாக இல்லை. ஞாயிறு காலை படகேறி அவர்கள் தீவுக்குப் போனேன்.

கூட்டத்தில் அந்தப் பொத்தானைத் தள்ளியது நான்தான் என்று சொல்லி, ஐஸ் பெட்டியில் திரும்பியிருந்த பெயரையும் காட்டினேன். அடுத்த இடத்துக்காரர் எழுந்து, "போட்டோ புடிக்கிற ஆளு, எத வோணா திருப்பிக் காட்டுவாரு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. குப்பனின் போனைப் பஞ்சாயத்துத் தலைவர் கையிலேயே கொடுத்து, அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரும் தெரிய செல்பி எடுக்கச் சொன்னேன். எடுத்தார். படத்தில் தேதி எல்லாம் திரும்பிக் கிடந்தது. படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். போன் கை மாறி அடுத்த இடத்துக்காரரிடம் போனது. அவர் குப்பனின் படத்துக்குத் தள்ளி, ஐஸ் பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். குப்பனின் பாடு குப்பனுக்கே என்று ஆனது. தலைவர் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைத் தொடவே கூச்சப்படுகிறவர் போல இரண்டு விரலால் பிடித்திருந்தார். "இத வச்சி ஒரு குடும்பத்தோட வயித்துல அடிச்சிருப்போமே, நைனா!" என்றார்.

கரைக்குப் பாதி வழியில்

என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டது குப்பன்தான். திட்டுவார் என்று காத்திருந்தேன். பாதி ஏரி தாண்டியும் திட்டவில்லை. நானே மன்னிப்புக் கேட்டேன். "நீ பண்ணத வுடுணா" என்றார். "இந்த ஏரில எனக்குக் கண்ணக் கட்டி வுட்டாலும் இடம் தெரியும். அந்த போட்டோவப் பாத்துட்டு நானே என்ன நம்பல பாரு. அதான் தாங்கல."

பிறகு துடுப்பைப் படகின் குறுக்கே வைத்துவிட்டு, மடியிலிருந்த பாலிதீன் பையைப் பிரித்து, போனை என்னிடம் நீட்டினார். "மாத்திடு. மூஞ்சி கோணலாவே கெடக்கட்டும்."

இப்போது கடைக்கு வருகிறவர்களுக்கு நான் நடத்தும் பாடம் சுருங்கிவிட்டது: லென்ஸைத் துடையுங்கள், வெயில் முகத்தில் விழ நில்லுங்கள், படம் உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனால் மட்டும் ஒரு தடவை திரும்பி ஏரியைப் பாருங்கள்.