கறித்தூள் மணத்த உறங்குபை

கடையின் நடுவில், சனங்கள் நடந்துபோகிற இடத்தில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் படுக்கச் சொன்னாள் அந்த விற்பனைப் பெண். ஒஸ்லோவில் மலைக்குப் போகிறவர்களுக்கான சாமான்கள் விற்கிற கடை. நான் உறங்குபை வாங்கப் போயிருந்தேன். உடம்பை உள்ளே விட்டுக் கழுத்துவரை சிப்பை இழுத்துக்கொண்டு படுக்கிற பை. வீட்டில் நாங்கள் நோர்வேஜியப் பெயரையே வைத்துச் சோவபூஸ என்போம். படுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாதாம். என் வலது காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "பரவாயில்லை, கையால் தொட்டுப் பார்த்தே வாங்குகிறேன்" என்றேன். அவள் விடுகிற ஆளில்லை.

எங்கள் இலங்கையின் சமாதானத்தை நோர்வே முன்னின்று பேசிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நான் பஸ் திருத்தும் பணிமனை ஒன்றில் வேலை செய்தேன். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் என்னிடம் அந்தச் சமாதானத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். இலையுதிர்காலம் வந்துவிட்டால் அதுவும் மறந்துபோகும். மலை, மூடுபனி, பனிமான் என்று வேட்டைக் கதைதான். நான் குனிந்தபடி என் பாணைச் சாப்பிடுவேன். இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்தும் மலையில் ஓர் இரவுகூடத் தங்காதவன் என்று சொல்ல வெட்கமாக இருக்கும்.

என்னோடு ஒரே பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை செய்கிற மூத்த கூட்டாளி ஒருவர் இருந்தார். அதிகம் பேசாத நோர்வேஜியர். ஒருநாள் கையைத் துடைத்தபடி, "பரீட்சை எழுதி அனுமதி எடு. அடுத்த முறை நீயும் வா. துப்பாக்கி நான் இரவல் தருகிறேன். முதல் மான் உனக்கு" என்றார். அன்று பின்னேரம் புருசெத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ரயிலில் போகும்போது எனக்குள் நானே சிரித்துக்கொண்டு போனேன். வேட்டைப் பரீட்சையும் பாஸ், குறி பார்த்துச் சுடுவதும் பாஸ். கடைசியில் வாங்க மிஞ்சியது இந்த உறங்குபைதான்.

அந்தப் பெண் நன்றாகத்தான் விளங்கப்படுத்தினாள். செயற்கைப் பஞ்சு வைத்தது நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், ஆனால் பாரம், முதுகுப்பையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வாத்தின் தூவி என்கிற மென்னிறகு வைத்தது காற்றுப் போலப் பாரமில்லாதது, பாண் துண்டு அளவுக்குச் சுருங்கும். திரும்பி வரும்போது முதுகில் இறைச்சியும் இருக்கும் என்பதால் தூவிதான் நல்லது. "ஆனால் நனைய மட்டும் விடாதீர்கள். நனைந்தால் தூவி செத்துவிடும்" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெண்களுக்கான அளவில் ஒன்றைக் கொண்டுவந்தாள். நீளம் கூடினால் காலடியில் கிடக்கும் வெறும் இடத்தையும் என் உடம்பே சூடாக்க வேண்டிவருமாம். கத்தரிப்பூ நிறமாக இல்லாதது ஓர் ஆறுதல்.

கழுத்துவரை சிப்பை இழுத்து, கை இரண்டும் உள்ளே மாட்டுப்பட்டுக் கிடந்த நேரம் பார்த்து எங்கள் கட்டடத்தில் மேல்வீட்டில் குடியிருக்கிற தமிழ்த் தம்பி வந்து சேர்ந்தார். பிள்ளைக்குப் பனிச்சப்பாத்து வாங்க வந்திருக்கிறார்.

"அண்ணை! என்ன, இஞ்சை வந்து நித்திரை கொள்ளுறியள்? அக்கா வீட்டாலை கலைச்சுப் போட்டாவோ?"

"பகிடி விடாதையும் தம்பி. மான் வேட்டைக்குப் போறன்" என்றேன், கிடந்தபடியே.

"மெய்யாவோ? அப்ப எங்களுக்கும் ஒரு பங்கு இருக்குத்தானே?"

"ஓமோம். ஒரு கால் உமக்கு."

ஓட்டைக் காலுறையோடு நிலத்தில் கிடக்கிறவன் வேறு என்ன சொல்வான்? அன்று இரவுக்கு முன்னமே எங்கள் கட்டடத் தமிழருக்கெல்லாம் நான் மான் கொண்டுவரப் போகிற விஷயம் தெரிந்துவிட்டது.

சுருட்டி வைத்தால் தூவி நசிந்துவிடும், வீட்டில் விரித்துத் தொங்கவிட வேண்டும் என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நிலவறையில் ஈரம். அலுமாரிக்குள் சேலைகள். ஆகவே குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் ஓர் ஆணியில் தொங்கவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, இதென்ன ஆள் நிக்கிற மாதிரி வாசல்லை தொங்குது? விடியக் காத்தாலை நெஞ்சு திக்கெண்டு போச்சு" என்று மனைவி ஏசினாள். ஏசினாலும் அவளுக்கும் உள்ளூர ஒரு புளுகம், ஒரு சந்தோசம் இருந்தது. மான் இறைச்சிக்குப் பழைய தூள் சரிவராது என்று, நான் போவதற்கு முந்திய கிழமை புதிதாகத் தூள் வறுக்கத் தொடங்கினாள். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகச் சட்டியில் விழ, நான் வீடு முழுக்க ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினேன். ஒருமுறை குடியிருப்புக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "சில வீடுகளிலிருந்து வரும் வாசனை" பற்றிப் பேசியிருந்தார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் அங்கே இருந்த தமிழர் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தூள் வறுத்தால் ஜன்னல் திறக்கக் கூடாது என்பது என் சட்டம்.

"மூச்சு முட்டுது. ஒரு ஜன்னலையாவது திறவுங்கோவன்" என்று இருமினாள்.

"நீர் பேசாமல் வறும்" என்றேன்.

மலையில் நானும் கூட்டாளியும் நாள் முழுக்க நடந்து, பின்னேரம் ஓர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். தூரத்துச் சரிவில் மான்கூட்டம் மேய்வதைக் கூட்டாளி தூரநோக்கியில் காட்டினார். சாம்பல் புள்ளிகள் மெல்ல அசைந்தன. தூரநோக்கியைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மான் காற்றில் மணம் பிடிக்கும், காலையில் காற்றுக்கு எதிரே ஏறவேண்டும் என்று அவர் குசுகுசுத்தார். பிறகு கூடாரத்துக்குள் போய் என் உறங்குபையை வெளியே இழுத்து உதறினேன்.

ஐயோ, அந்த மணம்! வீட்டில் என் மூக்குக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. நாள் முழுக்கச் சுத்தமான காற்றைக் குடித்துவிட்டு வந்த மூக்கில் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் வந்து அறைந்தன. தூவி காற்றை இழுத்து உப்ப உப்ப, எங்கள் குசினி முழுவதும் அந்தச் சின்னக் கூடாரத்துக்குள் வந்து இறங்கியது. கூட்டாளி பெரிதாக ஒரு தும்மல் போட்டார். பிறகு கூடாரக் கதவை விலக்கிக்கொண்டு, "சரி, நாளைக்கு மான்களுக்கு எங்கள் விலாசம் தெரிந்துவிடும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். காது இரண்டும் பற்றி எரிந்தன. கூட்டத்தில் நிலத்தைப் பார்த்த அதே வெட்கம். ஆயிரம் மீற்றர் மேலே ஏறி வந்தும் அது விடவில்லை. இந்த மனுசன் நம்பிக் கூட்டிவந்தார், அவருடைய வேட்டையை என் நாற்றத்தால் கெடுக்கப் போகிறேனே என்று உள்ளுக்குள் கூனிப் போனேன். அவர் கோப்பி வைக்கப் போன நேரம், பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பாறையில் விரித்தேன். காற்றுப் பட்டால் மணம் போய்விடும் என்று நினைத்தேன்.

காற்று வரவில்லை. மூடுபனி வந்தது, அதற்குப் பின்னால் தூறல். எனக்குத் தெரியாமலா? எல்லாம் தெரியும். கடைக்காரப் பெண் சொன்னதும் தலைக்குள் கேட்டது. ஆனால் எழும்பிப் போய் அதை உள்ளே கொண்டுவந்தால் மணமும் கூட வருமே. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கோப்பியைக் குடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் எடுத்தபோது நனைந்த கோழி மாதிரித் தொங்கியது. அதற்குள்ளேயே சத்தம் போடாமல் புகுந்து படுத்தேன்.

விடிந்தபோது என் சேட்டுப் பொத்தானை என்னால் பூட்ட முடியவில்லை. கூட்டாளி என்னவோ கேட்டார். பதில் சொல்ல நாக்குப் புரளவில்லை. அவர் பையைத் தொட்டுப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், என்னைத் தன் உறங்குபைக்குள் திணித்துச் சீனி போட்ட சுடுதண்ணீர் பருக்கினார். வாய் திரும்பியதும், "ஏன் வெளியே போட்டாய்?" என்று கேட்டார்.

"மணம்" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றித் தந்தார். "நான் பகிடிக்குச் சொன்னேன். மானுக்கு மனிதர் எல்லோருமே நாற்றம்தான், நான் மட்டும் என்ன சோப்பா? அதற்காகத்தானே காற்றுக்கு எதிரே போகிறோம்" என்றார். பிறகு, "எனக்கு அந்த மணத்துக்குப் பசித்தது" என்றார். சரிவில் மான்கூட்டம் அப்போதும் மேய்ந்துகொண்டிருந்தது. அவர் துப்பாக்கியை உறையில் போட்டு மூடி, என் முதுகுப்பையையும் தானே தூக்கிக்கொண்டு, என்னைக் காருக்குக் கூட்டிவந்தார். வழி முழுக்க அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"மழையிலை நனைஞ்சு போச்சு. குளிர் பிடிச்சிட்டுது" என்று மனைவியிடம் சொன்னேன். "உயிரோடை வந்தியளே, அது காணும். இறைச்சி கிடக்கட்டும்" என்றாள். மேல்வீட்டுத் தம்பியைக் கண்டால் நான் லிஃப்டை விட்டுப் படியில் போனேன்.

கூட்டாளி அடுத்த கிழமை தனியே போய் ஒரு மானைச் சுட்டுவிட்டு, வேலைக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். உன் பங்கு என்றார். சேர்ந்து போனவனுக்குப் பங்கு உண்டாம். வாங்கிக்கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். மனைவி விடுவாளா, அந்த மனுசனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்று நின்றாள்.

அவர் வந்து மேசைக்கு முன்னால் இருந்தார். மனைவி கறிச்சட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். அவருடைய முகம் மலர்ந்தது. "இதுதான்! கூடாரத்தில் வந்த மணம் இதுதான்!" என்று கையைத் தட்டினார். பிறகு, பேசாத அந்த மனுசன் அன்றைக்கென்று பேசினார். தான் தும்மியதையும், நான் பையைத் தூக்கிப் போய் மழையில் போட்டதையும் சொல்லி, மணத்துக்கு யாராவது வெட்கப்படுவார்களா என்று அன்போடுதான் கேட்டார். என் மனைவிக்கு என்னைவிட நல்ல நோர்வேஜிய மொழி தெரியும். அகப்பையைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். அவருக்குச் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி கறி வைத்தாள்.

அவர் போனபிறகு கோப்பைகளைக் கழுவியபடி கேட்டாள். "எங்கடை வீட்டு மணத்துக்கோ சாகப் பாத்தனியள்?"

நான் துணியை எடுத்து ஈரக் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினேன். அவளும் பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை. அடுத்த முறை தூள் வறுக்க எடுத்தபோது நானே போய் எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், அவள் ஆணியிலிருந்த உறங்குபையையும் என் வேலைச் சட்டைகளையும் குளிர்ச்சட்டையையும் அள்ளிக்கொண்டு போய் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"விடுமப்பா, அங்கையே கிடக்கட்டும்" என்றேன்.

"இல்லை" என்றாள். "நீங்கள் நாலு பேருக்கு முன்னாலை போறனீங்கள்."

அவளுடைய குளிர்ச்சட்டை மட்டும் குசினிக் கதவில் தொங்கியது.