சந்திரகிரி வராத கடல்

நிலவழகன் கடற்படையில் இருபத்தோரு வருஷம் இருந்தார். அதில் பதினான்கு வருஷம் ஒரே போர்க்கப்பலில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இன்ஜின் ரூமில் போயிற்று. கடலைப் பார்த்ததைவிட மீட்டர் முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். சொந்த ஊரான ஜெகதாப்பட்டினத்தில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஊருக்கு அவர் துப்பாக்கியோடு எல்லை காக்கிற ஆள். அவரும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. கலைக்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

கப்பலின் பெயர் சந்திரகிரி. அவர் ஏறும்போதே அதற்குப் பதினைந்து வயது. சுனாமி வந்தபோது அரிசியும் மருந்தும் சுமந்தது. ஏடன் பக்கம் கொள்ளையருக்குப் பயந்த சரக்குக் கப்பல்களுக்குத் துணை போனது. சண்டை மூண்ட ஒரு நாட்டிலிருந்து நம் ஜனங்களை ஏற்றி வந்தது. அந்தக் கூட்டத்தில் ரஹீமா பீவி என்ற, பக்கத்து ஊரான கோட்டைப்பட்டினத்து அம்மாள் இருந்தார். கரி படிந்த சட்டையோடு மேலே வந்த நிலவழகன், “எந்த ஊருங்க?” என்று தமிழில் கேட்டதும் அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் நிலவழகன் இந்தக் கதையைத்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கதையில் அவர் கொஞ்சம் வளர்ந்துகொண்டே போனார்.

வாய் பிளந்து கேட்டவர் தங்கை சரண்யாவின் கணவர் தங்கமுத்து. விசைப்படகு ஓட்டுகிறவர். புதுப் படகு வாங்கியபோது அதற்குச் சந்திரகிரி என்றே பெயர் எழுதினார். பெயிண்ட் காய்வதற்குள் நிலவழகன் அவர் தோளில் கை போட்டு, “எதுன்னாலும் எங்க கப்பல் இருக்கு மாப்பிள. ஒரு வார்த்த வயர்லெஸ்ல சொன்னா போதும்,” என்றார்.

சும்மா பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் அந்தக் கப்பல் இந்தக் கடலுக்குள் நுழையவே முடியாது என்பது அவருக்குத் தெரியும். இங்கே ஆழம் குறைவு, வழியெல்லாம் மணல்மேடு. இதைச் சொன்னால் மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார். மச்சான் என்ற மரியாதை அவ்வளவு இனித்தது.

விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகலாம். அப்படி ஒரு திங்கட்கிழமை, மீன் போன பக்கமே போய் நாலைந்து படகுகள் கடல் எல்லையைத் தாண்டிவிட்டன. அக்கரை நாட்டு ரோந்துப் படகுகள் வருவது தெரிந்ததும் மற்றவர்கள் வழக்கம்போல வலையை அறுத்துவிட்டு ஓடினார்கள். தங்கமுத்து ஓடவில்லை. வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார்.

“சந்திரகிரி, சந்திரகிரி. நான் நிலவழகன் மாப்பிள பேசுறேன். வாங்க.”

திரும்பி வந்த படகுகள் அத்தனையிலும் அந்தக் குரல் கேட்டது. படகை ஒட்டி ரோந்துக்காரர்கள் ஏறும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். அதற்கு முந்தின வாரம்தான் மும்பையில் சந்திரகிரிக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். கொடி இறக்கும்போது வரிசையில் நின்று நிலவழகன் தேம்பி அழுதிருந்தார்.

இரண்டாவது தடவை பிடிபட்டவர் என்பதால் தங்கமுத்துவுக்கு அக்கரையில் பதினெட்டு மாதச் சிறை. படகு அங்கேயே பறிமுதலாகிப் போய்விட்டது. பணி முடிந்து ஊர் திரும்பிய நிலவழகன், மனுவைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கும் மீன்வளத்துறைக்கும் அலைந்தார். ஊரில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. யாராவது திட்டித் தொலைக்கமாட்டார்களா என்று ஏங்கினார்.

தங்கமுத்து விடுதலையாகி, பாதி உடம்பாக வீடு வந்தார். மறுநாள் மச்சானைச் சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டு கவளம் போனதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அன்னைக்கி கப்பல் ரொம்பத் தூரத்துல நின்னுச்சோ மச்சான்? இல்லாட்டி வந்திருக்கும்ல?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும். இனியும் இந்த மனுஷனை ஏமாற்ற நிலவழகனால் முடியவில்லை.

“தூரத்துல இல்ல மாப்பிள. அதுக்கு ஓய்வு குடுத்துட்டாங்க. ஓடுன காலத்துலயும் நம்ம கடலுக்கு வந்திருக்காது. ஆழம் பத்தாது.”

தங்கமுத்து தட்டிலிருந்து கையை எடுத்தார். இந்தக் கடலில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கப்பலைப் பற்றித்தான் அவருக்கு எதுவும் தெரியாது.

“படகுக்குப் பேரு வச்சப்பவே இது தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

“சொல்லியிருந்தா நானும் வலைய அறுத்துட்டு வந்திருப்பேன் மச்சான்,” என்றார் தங்கமுத்து. கோபமே இல்லை அந்தக் குரலில்.

குழம்புச் சட்டியோடு நின்ற சரண்யா அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. “சாப்புட்டாச்சுன்னா கெளம்புங்கண்ணே,” என்றாள். நிலவழகன் தட்டில் மீதிச் சோறு அப்படியே இருந்தது.