மணிமொழி டீச்சர் புரட்டிப் பார்த்த சங்கு

மணிமொழி டீச்சர் வருகிறார் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் பூஜை அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். எந்த வீட்டில் சங்கைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது. எடுப்பார், புரட்டுவார், அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுவார், பிறகு ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயரைக் கேட்டபின் எந்த வீட்டிலும் அவருக்கு இரண்டாவது காபி கிடைத்ததில்லை.

இத்தனைக்கும் அவர் குடியிருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. டீச்சர் வேலை பார்ப்பதோ இன்னும் மேலே, வெள்ளிமலையில். கடற்கரை ஊரான பரங்கிப்பேட்டையில் படித்த காலத்தில் பொறுக்கிய கடல் நத்தை ஓடுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு, மலைப்பாதை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார். கடலைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் ஓடு கைக்கு வந்ததும் காதில் வைப்பார்கள். காதில் வைக்காதே, கவிழ்த்துப் பார் என்பார் டீச்சர். நிறத்தை நம்பாதே, அளவை நம்பாதே. ஓடு எந்தப் பக்கம் சுற்றுகிறது, உள்ளே இருக்கும் தண்டில் மடிப்பு உண்டா, அதுதான் சாட்சி. இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

கல்யாணமாகி ரிஷிவந்தியம் போன புதிதில், மாமியார் பெரியநாயகி மஞ்சள் குங்குமம் வைத்த வலம்புரிச் சங்கை மருமகளுக்குப் பெருமையாகக் காட்டினார். மாமனார் உயிரோடு இருந்தபோது ராமேஸ்வரம் போய் வாங்கி வந்தது. அவர் போனபின் பெரியநாயகி தன் சுகதுக்கத்தை எல்லாம் அந்தச் சங்கிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மணிமொழி வாங்கினார், புரட்டினார், விரலை விட்டார். நம் பக்கத்துச் சங்கென்றால் உள்தண்டில் மூன்று நான்கு மடிப்பு தட்டுப்பட வேண்டும். இதில் வழவழவென்று இருந்தது.

"அத்த, இது நம்ம சங்கு இனமே இல்ல. அமெரிக்கா பக்கத்துக் கடல் நத்த. யாரோ மாமாவ ஏமாத்திட்டாங்க."

சொன்னது அத்தனையும் உண்மை. அதற்காகப் புது மருமகள் வந்ததும் வராததுமாகச் சொல்ல வேண்டுமா? பெரியநாயகி சங்கைப் பிடுங்கி முந்தானையில் துடைத்தார். அன்றோடு மருமகளிடம் நேர்ப்பேச்சு நின்றது. எதுவானாலும் மகன் தனசேகரன் வழியாகத்தான். மணிமொழி எதிரிலேயே நின்று பரிமாறினாலும், டீச்சரம்மாவிடம் உப்பு கம்மி என்று சொல்லு என்பார். தனசேகரனும் தபால்காரர் மாதிரி அதை மனைவி பக்கம் திரும்பிச் சொல்வார்.

வருஷங்கள் ஓடின. கள்ளக்குறிச்சியில் சொந்த வீடு எழும்பியது. அந்தக் குடும்பத்தில் புது வீடென்றால், மூத்த பெண்மணி சங்கில் தண்ணீர் எடுத்து நிலைவாசலில் விட்டுவிட்டு வலது காலை உள்ளே வைக்க வேண்டும். அதன்பிறகுதான் பால் காய்ச்சுவது. பெரியநாயகி சொல்லி அனுப்பினார்: வருவேன், சங்கோடு வருவேன், அதைப்பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினால் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவேன், அப்புறம் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

மணிமொழி தாயில்லாமல் வளர்ந்தவர். அத்தை என்று கூப்பிட்டால் ஏம்மா என்று ஒரு பதில் வராதா என இத்தனை வருஷமும் ஏங்கியிருந்தார். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. தனசேகரனுக்கோ மனைவியின் வாயை நினைத்துத்தான் கவலை.

"கற்கண்ட வாயில போட்டுக்கோ. அது கரையறதுக்குள்ள சடங்கு முடிஞ்சிடும்," என்றார்.

டீச்சரும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார்.

காலையில் பெரியநாயகி பட்டுப்புடவையில் வந்து இறங்கி, சங்கை இரு கையாலும் ஏந்தி நிலைவாசல் முன் நின்றார். அந்த நேரம் பார்த்து அவருடைய கொழுந்தனார் ராஜாங்கம் முன்னால் வந்தார். உளுந்தூர்பேட்டையில் ஹோட்டல் வைத்திருப்பவர். கல்லாவில் உட்கார்ந்தபடி செல்போனில் வீடியோ பார்த்தே சகல சாஸ்திரமும் கற்றவர். சங்கின் வாய்க்குள் டார்ச் அடித்தார்.

"இன்னா அண்ணி, உள்ள கோடே காணோம்? இது டூப்ளிகேட்டு. வோணும்னா டீச்சரையே கேளுங்க."

கூட்டம் மொத்தமும் டீச்சர் பக்கம் திரும்பியது. பெரியநாயகியின் கால் படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. சங்கை மார்போடு அணைத்துக்கொண்டதில் கொஞ்சம் தண்ணீர் பட்டுப்புடவையில் சிந்தியது. தனசேகரன் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், கற்கண்டாம். அது எப்போதோ கரைந்து போயிருந்தது.

மணிமொழிக்குப் பொய் வராது. நத்தை விஷயத்தில் சுத்தமாக வராது. ஆனால் மாமியார் சங்கை அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் ஒன்று உறைத்தது. அன்றைக்குத் தான் சொன்னது பாதிதான். இது எந்த இனம் இல்லை என்று சொன்னோமே தவிர, இந்த இனத்தின் குணம் என்ன என்று வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் பரீட்சையில் அப்படி எழுதினால் பாதி மார்க் கூடப் போட மாட்டார்.

"டூப்ளிகேட்டு இல்லீங்க மாமா. கடல்ல உசுரோட வளந்ததுதான். இனம் வேற, அவ்ளோதான்."

பிறகு வெள்ளிமலைப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். நம் கடல் சங்கு இடம்புரியாகத்தான் பிறக்கும். லட்சத்தில் ஒன்று வழி தப்பி வலம்புரியாகும். அதற்கு அப்பனும் இடம்புரி, பாட்டனும் இடம்புரி.

"அத்த கையில இருக்கறது அப்படி இல்ல. இதுல எதுனா ஒண்ணு தப்பினாத்தான் இடம்புரி. அம்மா, பாட்டி, முப்பாட்டி எல்லாம் வலம்புரி. வம்சமே வலம்புரி."

ராஜாங்கம் டார்ச்சை அணைத்துவிட்டு, தன் வீட்டுச் சங்குக்கு அப்பன் யார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கவலையாக விசாரிக்க ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. பெரியநாயகி நிலைவாசலில் தண்ணீரை விட்டு, வலது காலை உள்ளே வைத்தார். அடுப்பில் பாலை ஊற்றியபின், பக்கத்தில் நின்ற மகனைத் தாண்டி முகத்தைத் திருப்பினார்.

"ஏம்மா, இத அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா? இத்தினி வருசமா வாயில கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த?"

மணிமொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. தப்புதான் அத்த என்றார். பால் பொங்கி வழிந்தது.

"பாத்துக்கினே நிக்கிறியே, சக்கரய எடு," என்றார் பெரியநாயகி.

தனசேகரன் பழக்கதோஷத்தில் மனைவி பக்கம் திரும்பி, அம்மா சர்க்கரை கேட்கிறார் என்றார்.

"உன்ன யார்ரா கேட்டது? நாங்க பேசிக்கினு இருக்கறோம்," என்றார் பெரியநாயகி.