பட்டாளத்து நிலமும் தருமனின் வீடியோவும்

காட்டூர் தருமனுக்கு நிலம் விற்பதுதான் தொழில். சொந்தமாக விற்க ஒரு சென்ட் கிடையாது. ஒருவர் நிலத்தை இன்னொருவருக்கு முடித்துக் கொடுப்பார். எதைப் பார்த்தாலும் அதில் நாலு நல்லது சொல்லாமல் அவரால் நகர முடியாது. துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட, "வாசல் கெழக்க பாத்துகினு கீது, நல்ல காத்து" என்று சொல்லி, மனைவி வெண்ணிலாவிடம் கிள்ளு வாங்கியிருக்கிறார்.

பழவேற்காடு ஏரிக்கரையில், மீனவர் குப்பங்களுக்கும் காட்டூர் வயல்களுக்கும் நடுவே, பட்டாளத்துக்குச் சொந்தமான நிலம் ஒன்று கிடந்தது. முன்பு சிப்பாய்கள் துப்பாக்கி சுட்டுப் பழகிய இடம். அவர்கள் போன பிறகு முள்வேலியும், துருப்பிடித்த எச்சரிக்கைப் பலகையும்தான் காவல். மனிதக் கால் படாததால் உள்ளே புதர் மண்டி, குண்டு விழுந்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் நின்று, நரியும் முயலும் ஆமையும் குடியேறிவிட்டன.

அந்த நிலம் இனி வேண்டாமென்று பட்டாளம் விட்டுக்கொடுக்கப் போவதாகச் செய்தி வந்ததும் தருமனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கு வீடு வேண்டாமா? அரசாங்கம் யோசிக்கத் தொடங்குவதற்குள் அவர் அங்கே தெரு போட்டு, பூங்கா வைத்து, ஒரு பள்ளிக்கூடமும் கட்டி முடித்துவிட்டார். எல்லாம் வாயால்தான். அதை நம்பிச் சுற்றியிருந்த வயல்காரர்களும் நெல்லை மறந்து மனைக் கனவில் இறங்கினார்கள்.

ஆட்களை இழுக்க ஒரு வீடியோ போடலாம் என்று தருமனுக்குத் தோன்றியது. குப்பத்துச் சிநேகிதர் தானியேலின் படகில் விடியற்காலையில் ஏரிப் பக்கமாகப் போனார். தானியேல் போனைப் பிடிக்க, தருமன் படகில் நின்று பேசினார்.

"பாருங்க சார், பின்னாடி பூநாரை! அதோ, நரி குட்டி போட்டுக் குடும்பம் நடத்துது. இதுங்களே இந்த எடத்த வுட்டுப் போவ மாட்டேங்குது. நீங்க வந்தா போவீங்களா?"

வீடியோவை ஊரெல்லாம் பார்த்தது. மனை கேட்டு மட்டும் ஒருவரும் வரவில்லை.

சில மாதம் கழித்து, நிலத்தை என்ன செய்யலாம் என்று கருத்துக் கேட்க அதிகாரிகள் குப்பத்துச் சமுதாயக் கூடத்துக்கு வந்தார்கள். வீடு கட்டலாம் என்று ஒரு யோசனை. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அப்படியே விட்டுவிடலாம் என்று இன்னொன்று. தருமன் சலவைச் சட்டையோடு எழுந்தார்.

"வெறும் கட்டாந்தர சார். ஒரு காக்கா கூட ஒக்காராது."

வனத்துறை அதிகாரி வளர்மதி நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே காட்டூர் தருமன்?"

பெயர் தெரிந்திருக்கிறதே என்று தருமனுக்குப் பெருமை. "ஆமா மேடம்!"

வளர்மதி தன் போனை மைக் பக்கத்தில் வைத்தார். தருமனின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பூநாரையிலேயே சிரிப்புத் தொடங்கியது. நரி குடும்பம் நடத்தியபோது நாற்காலிகள் ஆடின. தானியேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எங்க டிபார்ட்மென்ட்லகூட இவ்ளோ நல்லா யாரும் எடுத்துச் சொன்னதில்ல சார்" என்றார் வளர்மதி.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நல்ல சரக்கைக் குறைத்துக் காட்டுவது தருமனுக்குப் பொறுக்கவில்லை. "அது பனில எடுத்தது மேடம், சரியா வுழல. உள்ள பள்ளத்தாண்ட போய்ப் பாக்கணும். முதுவுல நட்சத்திரம் போட்ட ஆம கீது. சாயங்காலம் ஆனா பறவைங்க வந்து எறங்கும் பாருங்க…"

"தருமா, ஒக்காருபா. நீயே வித்து முடிச்சுட்ட" என்றார் தானியேல். பிறகு அவரே எழுந்து, குப்பத்து ஆட்கள் படகு இழுத்துப் போடும் கரைக்கு அந்த வேலியோரம்தான் வழி, அதை அடைக்கக் கூடாது என்று கேட்டார். வழி இருக்கும் என்று வளர்மதி எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

மறு வருஷம் நிலம் பாதுகாக்கப்பட்ட இடமானது. வழியும் தப்பியது. வயல்காரர்கள் மறுபடி நாற்று நட்டார்கள். தருமனோடு மட்டும் கொஞ்ச நாள் பேசவில்லை. டீக்கடையில் 'நரி புரோக்கர்' என்று கூப்பிட்டபோது அவருக்கு நிஜமாகவே வலித்தது. வீட்டில் வந்து சொன்னார். வெண்ணிலா ஆறுதலாக, "வுடுயா, அதுங்களாவது ஒன் பேச்ச நம்பி குந்திகினு கீதுங்க" என்றார்.

இப்போது அவருக்கு அனுப்பம்பட்டுப் பக்கம்தான் வியாபாரம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்க வருகிறவர்கள் யாராவது வழி கேட்டால் போதும், வேலி வரை கூடவே வந்துவிடுகிறார். போன வாரம் சென்னையிலிருந்து வந்த ஒரு புது ஜோடி, "இங்க பக்கத்துல மனை கிடைக்குமா சார்?" என்று கேட்டது.

தருமன் புதர்ப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "இங்க வாணாம் சார், அதுங்க பயப்படும். அனுப்பம்பட்டுல ஸ்டேஷனாண்ட சூப்பரா ஒண்ணு கீது. வாங்க, இப்பவே காட்டுறேன்."