சித்ராதேவியின் ஓட்டைகள்

வால்வைத் திருகும்போதே சித்ராதேவி மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். எதிரே ஒரு சிறிய ஸ்டாண்டின் தலையில், உள்ளங்கை நீளத்துக்கு வளைந்த உலோக இதழ் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அடியிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. ஒரு கணம் ஒன்றும் நடப்பதில்லை. அப்புறம் இதழின் விளிம்பிலிருந்தும் முதுகிலிருந்தும் ஊசி கனத்தில் நீர்க்கம்பிகள் வரிசை வரிசையாகக் கிளம்புகின்றன, சீப்பின் பற்கள் போல. அவர் கண்கள் மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை ஓடுகின்றன. ஒரு பல்லும் குறையவில்லை என்றால்தான் மூச்சு வெளியே வருகிறது. "ம், நீ போலாம்" என்று அந்த இதழிடமே சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கிறார்.

பெருமாநல்லூரில் இந்த ஷெட்டுக்கு இடது பக்கம் நிட்டிங் கம்பெனி, வலது பக்கம் தையல் கம்பெனி. நடுவில் இது பல வருடங்களாகப் பனியன் துணி பின்னும் இயந்திரங்களுக்குச் சிலிண்டர் செய்து கொடுத்துவந்தது. இப்போதும் முன்பக்கத்தில் அந்த வேலைதான். பின்பக்கம் கண்ணாடி அடைத்த ஓர் அறை. அதற்குள் மின்பொறியால் துளை போடும் இரண்டு இயந்திரங்கள். கேஸ் டர்பைன் எஞ்சினின் வயிற்றுக்குள் சுழலும் பிளேடுகளுக்கு, அவை வெந்து போகாமலிருக்கக் காற்றுத் துளைகள் போடுவது அந்த அறையின் வேலை. துளை துளையாக இருக்கிறதா என்று பார்ப்பது சித்ராதேவியின் வேலை. தர ஆய்வுப் பொறியாளர் என்று அடையாள அட்டை சொல்கிறது. ஷெட்டில் அவருக்கு 'ஓட்டை மேடம்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

"இதெல்லாம் இங்கயா பண்றாங்க?" என்று வந்தவர்கள் கண்ணை விரித்தால், "பின்ன எங்க பண்ணணும்?" என்று திருப்பிக் கேட்பார். விளக்கம் கேட்டால் மட்டும் முகம் மலரும். எஞ்சினுக்குள் பாயும் எரிவாயுவின் சூடு, பிளேடு செய்த உலோகத்தையே உருக்கிவிடக் கூடியது. ஆனாலும் பிளேடு உருகுவதில்லை. உள்ளே குடைந்த வழிகளில் குளிர்ந்த காற்று ஓடி, துளைகளின் வழியே வெளியேறி, பிளேடின் மேல் ஒரு படலமாகப் படர்ந்துகொள்கிறது. சித்ராதேவி இதைப் படலம் என்று சொல்ல மாட்டார். "ஸ்கூட்டில போறப்ப வெயிலுக்கு மூஞ்சியச் சுத்தித் துப்பட்டா கட்டிக்கிறோம்ல? அதுக்குக் காத்துலயே ஒரு துப்பட்டா. அவ்வளவுதான்."

அம்மா சீனியம்மாள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ராயபுரத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்துகொண்டு, ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் கண் மங்கும்வரை நின்றவர். துணியில் ஓட்டை இருந்தால் அம்மா ஒதுக்கினார். உலோகத்தில் ஓட்டை இல்லாவிட்டால் மகள் ஒதுக்குகிறார். செக்கிங் டேபிளில் அம்மா சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாக்கியம் மட்டும் மகளின் வாயில் மாறாமல் தங்கிவிட்டது: "கண்ணுல பட்ட பொறவு விட முடியாது."

வீட்டில் இட்லித் தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்காமல் மாவு ஊற்ற மாட்டார். சென்ற தீபாவளிக்கு நாத்தனார் வீட்டில் முறுக்கு பிழிய உட்கார்ந்தவர், அச்சைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரிஜெக்ட். ஓரத்துல ஒண்ணு அடைச்சிருக்கு" என்று எழுந்துவிட்டார். நாத்தனார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டு, ஆடை படர்ந்ததை விரலால் வழித்துப் போட்டுவிட்டு ஒரே மடக்கில் முடிப்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது. சொற்கள் குறையும்.

அந்த வியாழக்கிழமை சொற்கள் வெகுவாகக் குறைந்துபோயின.

இரண்டாவது லாட் பிளேடுகள் காலையிலேயே தண்ணீர் சோதனையில் தேறியிருந்தன. உலர்த்தி, பேக்கிங் டேபிளில் பரப்பிவைத்துவிட்டு, சித்ராதேவி அடுத்த சோதனைக்கு இயந்திரத்தைத் தயார் செய்யப் போனார். இதில் தண்ணீருக்குப் பதில், சுவரோரக் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று. ஒரு பிளேடு மொத்தமாக எவ்வளவு காற்றை வெளியே விடுகிறது என்று திரையில் எண்ணாகக் காட்டும். முதல் பிளேடு, சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதும் சரிதான். ஆனால் அவர் கை நின்றது. எல்லா எண்களும் வரம்புக்குள்தான் இருந்தன. எல்லாமே கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"ஏல முத்து, இங்க வா."

துளை போடும் இயந்திரத்தில் இருந்த இசக்கிமுத்து வந்து எட்டிப்பார்த்தார். "எல்லாம் பாஸ்தானக்கா? எதுக்கு மொறைச்சிட்டு நிக்கிய?"

"ஒரே பக்கமா சாயுது."

"சாஞ்சா என்னக்கா, விழலையே."

சித்ராதேவி பிளேடை எடுத்துப்போய் மறுபடியும் தண்ணீர் ஸ்டாண்டில் ஏற்றி வால்வைத் திருகினார். காலையில் முழுசாக இருந்த சீப்பில், விளிம்போரம் ஒரு பல் இல்லை. அடுத்த பிளேடு. அதில் முதுகுப் பக்கம் ஒன்று இல்லை. உருப்பெருக்கிக்குக் கீழே வைத்தபோது, துளையின் வாயில் வெள்ளையாக ஏதோ ஒன்று வாலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. இசக்கிமுத்து திருப்பூரில் எட்டு வருடம் ஆனவர், கண்ணை வைத்ததுமே சொல்லிவிட்டார்.

"எக்கா, இது பனியன் நூலு."

கண்ணாடி அறைக்குள் துணி என்ற பேச்சே கிடையாது. நார் விடாத காகிதம் மட்டும்தான். அது அந்த அறையின் சட்டம். ஆனால் பேக்கிங் டேபிள் கண்ணாடிக்கு வெளியே இருந்தது. அங்கே வேறொரு சட்டம், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து நடக்கிறது. கேட்டைத் தாண்டும் எந்தச் சரக்கையும் முதலாளி மகுடேஸ்வரன் தன் கையால் ஒரு தடவை துடைத்துத்தான் அனுப்புவார். சிலிண்டர் காலத்துப் பழக்கம். அது ராசி என்று அவர் நம்புகிறார். சிலிண்டருக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. இன்று சீக்கிரமே வந்தவர், டேபிளில் பிளேடுகள் பளபளவென்று கிடந்ததைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்போதுதான் போட்ட துளையின் விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும். துணியின் நூலை அது சும்மா விடாது.

இசக்கிமுத்துவின் முகம் மெல்ல மாறியது. "அக்கா, அப்ப நேத்துப் போனது?"

முதல் லாட் நேற்று அளந்து முடித்த பிறகு துடைக்கப்பட்டது. அதனால் எண்கள் சுத்தமாக இருந்தன. சித்ராதேவி கையெழுத்துப் போட்டார். இப்போது அது ஓசூரில் ஒரு பூச்சு ஆலையில், சூடு தாங்கும் பூச்சு ஏற்றுவதற்காக உலைக்குக் காத்திருந்தது. இன்று மத்தியானம் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆலையில் பொறுப்பிலிருக்கும் கிருத்திகாவுக்கு அவர் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மூன்றாவது தடவை போடும்போது மகுடேஸ்வரன் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?"

"சார், நேத்து லாட்டைத் தொடைச்சீங்களா?"

"தொடைக்காம அனுப்புவனுங்களா? ஒவ்வொண்ணா, கொழந்தையத் தொடைக்கற மாதிரி."

"எதுலங்க?"

"புதுப் பனியன் துணிங்க. மச்சான் கம்பெனில கைக்கொழந்தைச் சட்டைக்கு வெட்டுன மிச்சம். நம்மூர்ல அதைவிடச் சுத்தமான துணி எங்கீங்க இருக்குது?"

சித்ராதேவி வால்வைத் திருகினார். பல் போன சீப்பை மகுடேஸ்வரன் பார்த்தார். பிறகு உருப்பெருக்கியில் நூலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"அலசிப்போட்டாச் செரியாப் போயிருமில்லீங்க?"

"இதை அலசிக்கலாம். நேத்துப் போனது உலைக்குப் போவுதுங்க."

"போவட்டுமே. நூலுதானுங்களே, எரிஞ்சு போயிரும்."

"காத்தில்லாத உலைங்க சார். எரியாது. கருகி அங்கயே ஒட்டிக்கும். மேல பூச்சு ஏறிட்டா அப்புறம் கல்லு."

"அங்கயும் ஒருக்கா அளப்பாங்கல்லங்க?"

"மொத்தமாத்தான் அளப்பாங்க. ஒரு ஹோல் அடைச்சிருந்தாலும் மொத்தக் கணக்கு வரம்புக்குள்ளயே நின்னுக்கும். யாருக்கும் தெரியாது."

கடைசி இரண்டு சொற்கள் காற்றில் நின்றன. மகுடேஸ்வரன் அவற்றைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. ஊழியர்கள் வீட்டுக் காதுகுத்துக்கெல்லாம் முதல் ஆளாய் வந்து நிற்பவர். ஆனால் இந்தக் கண்ணாடி அறைக்காக ஊரில் எத்தனை பேரிடம் கேலி கேட்டிருக்கிறார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இது எஞ்சின் கம்பெனிக்காரர்கள் பழகிப் பார்க்கக் கொடுத்த வேலை. தேறினால்தான் அடுத்தது.

"அம்மிணி, சித்த பொறுங்க. மொத லாட்லயே நாமளாப் போயித் தப்புன்னு சொன்னா, நாளைக்கு நம்மளக் கூப்புடுவாங்களா? இனிமே அந்த டேபிள் பக்கமே நான் வரமாட்டனுங்க. இதொண்ணு போயிட்டுப் போவுது."

சித்ராதேவி பிளேடின் விளிம்பில் விரலை வைத்தார். "மத்த எடமெல்லாம் துப்பட்டா இருக்கும் சார். இங்க மட்டும் வெறும் மூஞ்சி. கொஞ்ச நாளைக்குத் தாங்கும். அப்புறம் விரிசல் விடும். ஓடறப்ப ஒண்ணு உடைஞ்சா, பின்னாடி இருக்கறதையெல்லாம் இடிச்சு நொறுக்கிட்டுப் போவும். பக்கத்துல ஆளுங்க வேலை செய்வாங்க."

"ஒடையும்னே இல்லீல்லங்க?"

"இல்லீங்க. உடையாமலும் இருக்கலாம்." சற்று நிறுத்தினார். "கண்ணுல பட்டுடுச்சுங்களே சார்."

அப்போது அவர் கையிலிருந்த போன் ஒலித்தது. கிருத்திகா.

"சாரி மேடம், ஷாப்புக்குள்ள இருந்தேன். உங்க லாட்தான், தட்டெல்லாம் அடுக்கியாச்சு. கதவு மூடப் போறாங்க."

"மூடாதீங்க."

"என்னது?"

"மூடாதீங்க கிருத்திகா. எங்க பிளேடுல நூல் இருக்கு. ஹோலுக்குள்ள. துணில தொடைச்சிருக்காங்க."

அந்தப் பக்கம் யாரிடமோ கத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்த குரலில் மரியாதை இருந்தது, இளக்கம் இல்லை. "பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன். ரொம்ப நேரம் முடியாது. அதே உலைல வேற கஸ்டமர் ஜாபும் இருக்கு, இறக்கணும்னா நான் எங்க மேனேஜருக்குக் காரணம் சொல்லணும். நீங்க பாஸ் பண்ண லாட் மேடம் இது. எத்தனை பீஸ்? தொடைச்சது யாரு?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மகுடேஸ்வரன் கையை வேகமாக ஆட்டினார். குனிந்து, உதடு மட்டும் அசைய, "பசங்க யாரோன்னு சொல்லிப்போடுங்க" என்றார். சொல்லும்போது கண்கள் தானாக இசக்கிமுத்துவின் பக்கம் போயின.

இசக்கிமுத்து அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி தரையில் கிடந்த ஒரு பித்தளைத் துணுக்கைச் செருப்பால் தள்ளினார். "நம்மளா, அண்ணாச்சி?" என்று கேட்டார், சிரிக்கிற மாதிரி. யாரும் சிரிக்கவில்லை.

"மேடம்? இருக்கீங்களா? யாருன்னு கேட்டேன்."

சித்ராதேவிக்குப் பெயரைச் சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் முதலாளியைக் காட்டிக்கொடுத்தவர் ஆவார். பொய்யைச் சொன்னால், நாளைக்கு எந்தப் பிளேடின் முன்னால் நின்று மூச்சைப் பிடிப்பது? அவர் இரண்டையும் செய்யவில்லை. போன் இருந்த கையை மகுடேஸ்வரனை நோக்கி நீட்டினார். கை இறங்கவில்லை.

மகுடேஸ்வரன் போனைப் பார்த்தார். சித்ராதேவியைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் சிலிண்டர்களைக் கடைந்துகொண்டிருந்த ஆட்களைப் பார்த்தார். அவர்களில் ஓரிருவர் ஏதோ நடக்கிறது என்று ஏற்கெனவே தலையைத் தூக்கியிருந்தார்கள்.

"ஹலோ? மேடம், கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க!"

அவர் உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டு போனை வாங்கினார். காதருகே கொண்டுபோனார். சுவரோரக் கம்ப்ரசர் தானாக ஓடத் தொடங்கி இரைந்தது.

"மகுடேஸ்வரன் பேசறனுங்க. ஓனரு." இசக்கிமுத்துவை ஒருமுறை பார்த்தார். "பசங்க இல்லீங்க. எல்லாப் பீஸும் என்ர கையாலதான் தொடைச்சேன்."

"சார், ஒண்ணுமே கேக்கலை. அங்க ஒரே சத்தமா இருக்கு. யாரு தொடைச்சதுன்னு சொன்னீங்க?"

மகுடேஸ்வரன் இன்னொரு காதை விரலால் பொத்திக்கொண்டு, உதவி கேட்பவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

சித்ராதேவி சுவரோரம் நடந்துபோய், கம்ப்ரசரின் சுவிட்சை அணைத்தார்.