அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

மரியரட்ணம் பெப்ரவரியில் காலமானார். அந்த வருடம் செப்டெம்பரில், புகைபோக்கி துப்புரவாக்க ஆள் வருகிறது என்று அவருடைய மனைவி மேரிகிறேசின் கைப்பேசிக்குத் தகவல் வந்தது. விறகடுப்பு உள்ள வீடு என்றால் குளிர் தொடங்குவதற்கு முன் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவது வழக்கம். இந்த முறை அடுப்பு மூட்டும் எண்ணமே அவளுக்கு இல்லை. தனி ஆளுக்கு எதற்கு விறகும் சாம்பலும் என்று இருந்தது. வேண்டாம் என்று பதில் போட யோசித்தாள். பிறகு, வருகிறவர் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இருவரும் மன்னார்ப் பக்கம். எண்பதுகளின் கடைசியில் அகதிகளாக டென்மார்க்குக்கு வந்தவர்களை ஸ்கீவ என்ற ஊரில் குடியேற்றினார்கள். அவர் கடலேரியோரச் சிப்பித் தொழிற்சாலையில் வேலை செய்தார். மேரிகிறேஸ் முதலில் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைத்தாள், பிறகு படித்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போனாள். மகள் அஜந்தினி சின்னவளாக இருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கினார்கள். காற்று நாலு பக்கத்தாலும் அடிக்கிற இடம். வீட்டைச் சூடாக்க நடுவிலே ஓர் இரும்பு விறகடுப்பு. அதன் புகைபோக்கி மேல்மாடிச் சின்ன அறையின் சுவருக்குள்ளால் கூரைக்குப் போனது.

மரியரட்ணம் ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சின்ன அறைக்குத் தன் கட்டிலை மாற்றிக்கொண்டார். மேரிகிறேசுக்கு இரவு வேலை. காலையில் வந்து கீழ் அறையில் பகல் முழுக்கத் தூங்குவாள். தன் இருமலும் தம்பியோடு கதைக்கிற தொலைபேசிச் சத்தமும் அவளைக் குழப்பக்கூடாது என்று அவரே எடுத்த முடிவு அது. சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருந்ததால் அந்த அறை அவருக்குப் பிடித்தும் இருந்தது. சுவரில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. ஈரம் என்று நினைத்து அலுமாரியை நகர்த்தி மறைத்துவிட்டார்.

குளிர்காலத்தில் அவள் வேலையால் வந்ததும் செய்கிற முதல் வேலை, அடுப்பை மூட்டுவது. மேலே படுத்திருக்கிற மனுசனுக்குக் குளிரக்கூடாது. விறகை நிறைய அடுக்கி, காற்று போகிற வழியைப் பாதிக்கு மேல் மூடிவிட்டுப் படுப்பாள். அப்படி மூடினால் தணல் மத்தியானம் தாண்டியும் நிற்கும்.

கடைசிக் குளிர்காலத்தில் மரியரட்ணத்துக்கு உடம்பு சரியில்லாமல் போனது. காலை பிந்தி எழும்பும்போதே தலையிடி. சில நாட்களில் சாப்பிட்டது நில்லாமல் சத்தி. கதைத்துக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோய் முழிப்பார். அவருக்கு முன்பே இருதய வருத்தம் இருந்தது. வயதும் மருந்தும் சேர்ந்து செய்கிற வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். டொக்டரும் மருந்தைத்தான் மாற்றினார். கிறிஸ்மசுக்கு விபோர்க்கில் மகள் வீட்டில் போய் நின்றபோது ஆள் பழையபடி தெளிந்துவிட்டார். பேரப்பிள்ளைகளோடு வெளியே போனார், விரும்பிச் சாப்பிட்டார். மேரிகிறேசுக்கு அது சந்தோசம்தான். ஆனால், தன் கையால் சமைத்துப் போடும்போது இல்லாத பசி மகள் வீட்டில் எப்படி வந்தது என்று உள்ளுக்குள் ஒரு சின்ன மனத்தாங்கலும் இருந்தது. வீடு திரும்பிய கொஞ்ச நாளிலேயே மறுபடியும் தலையிடி தொடங்கியது.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம் அவள் எழும்பி, தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட மேலே போனாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உடம்பு இன்னும் சூடாகவே இருந்தது. அந்தச் சூடு அறையினுடையது என்பது தொட்டுப் பார்த்த பிறகும் அவளுக்கு உடனே விளங்கவில்லை. இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

செப்டெம்பரில் வந்தது அன்னா என்ற இளம் பெண். அந்தப் பகுதிக்குப் புதியவள். முந்தி வந்தவர்கள் கூரையில் ஏறித் தும்புத்தடியை இறக்கித் துடைத்துவிட்டு, அடுப்படிக் கரியை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அன்னா கூரையால் இறங்கி வந்து, உள்ளே புகைபோக்கி போகிற வழியை முழுக்கப் பார்க்கவேண்டும் என்றாள். உள்பக்கம் தார் மாதிரிப் பிடித்திருக்கிறது, எப்படி எரிக்கிறீர்கள் என்று கேட்டாள். மேரிகிறேஸ் காற்றுவழியை மூடுகிற விதத்தைச் செய்து காட்டினாள். மேல்மாடிக்கு வழி எது என்று அன்னா கேட்டாள்.

மேலே போய் இருவருமாக அலுமாரியை நகர்த்தினார்கள். கறை ஓர் ஆள் உயரத்துக்குப் பரவியிருந்தது. அன்னா விரலால் தட்டியதும் பூச்சு பொலபொலவென்று கொட்டியது. பின்னால் செங்கற்களுக்கு நடுவே நீளமான வெடிப்பு. கைவிளக்கைப் பிடித்தபோது உள்ளே கரி மினுங்கியது.

"இந்த அறையில் யார் படுக்கிறது?" என்று அன்னா கேட்டாள்.

இப்போது ஒருவரும் இல்லை, கணவர் படுத்தவர் என்று மேரிகிறேஸ் சொன்னாள்.

"அவருக்குத் தலையிடி இருந்ததா?"

மேரிகிறேஸ் திரும்பினாள். கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அடுப்பு காற்றுப் போதாமல் புகைந்து எரியும்போது மணமில்லாத ஒரு நச்சுவாயு வரும் என்று முதியோர் இல்லத்துப் பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அறையில் லேசான புகை மணம் இருந்தது உண்மை. விறகடுப்பு உள்ள வீட்டில் அது யாருக்கு வித்தியாசமாகப் படும்?

"அதாலதான் அவர் செத்தவரோ?" என்று டெனிசில் கேட்க எடுத்த வாய், தமிழில் கேட்டுவிட்டது. பிறகு டெனிசில் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள் அன்னா. "அதை என்னால் சொல்ல முடியாது."

அடுப்பை இனி மூட்டக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டு, நகரசபையான கொம்மூனவுக்கு அறிவிக்க வேண்டியிருக்கிறது என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்ட மேரிகிறேசைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அஜந்தினி விபோர்க்கிலிருந்து காரில் வந்து சேரும்வரை, கரி படிந்த உடுப்போடு கீழ்ப்படியில் இருந்தாள்.

அஜந்தினி எல்லாவற்றையும் கேட்டாள். முதலில் டெனிசில் ஏதோ வேகமாகச் சொன்னாள். பிறகு தமிழில், "உங்களுக்குத் தெரிஞ்சிருக்க ஏலாது, அம்மா" என்றாள்.

"நான்தானே பிள்ளை மூட்டினனான். ஒவ்வொரு நாளும் நான்தானே மூட்டினனான்."

"கிறிஸ்மசுக்குச் சுகமா இருந்தவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டது நான்."

ஒருவரை ஒருவர் தேற்ற இருந்த ஒரே ஆட்கள் அவர்கள்தான். தேற்றப் போனால் மற்றவரின் காயத்தில்தான் கை பட்டது.

டொக்டரிடம் போனார்கள். அவர் பழைய பதிவுகளை நெடுநேரம் பார்த்தார். அப்படியும் இருக்கலாம், வெறும் இருதயமாகவும் இருக்கலாம் என்றார். அப்போது இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. இனித் தோண்டி எடுத்துப் பார்த்தாலும் ஏதாவது நிச்சயமாகச் சொல்லலாம் என்று அவர் உறுதி தரவில்லை. அஜந்தினி தாயைத் திரும்பிப் பார்த்தாள். "அவரைக் கிடக்க விடுங்கோ," என்றாள் மேரிகிறேஸ்.

ஒக்டோபரில் செங்கல் வேலை செய்கிற மேசன் வந்தான். புகைபோக்கியைத் திருத்தலாம், உள்ளே உருக்குக் குழாய் விடலாம் என்றான். மூடிவிடு என்றாள் மேரிகிறேஸ். கூரைக்கு மேலே நின்ற பகுதியை இடித்து இறக்கி, ஓடு போட்டு மூடினான். கீழே அடுப்பையும் கழற்றிக் கொண்டு போனார்கள்.

மேரிகிறேஸ் இரவு வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாறினாள். ஆட்களோடு இருந்தால் ஆறும் என்று மகளும் பங்குச் சாமியாரும் சொல்லியிருந்தார்கள். முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழவர்கள் தங்கள் தங்கள் அறையில் சற்றுக் கண்ணயர்வார்கள். மேரிகிறேஸ் ஒவ்வொரு கதவாகத் திறந்து, மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பாள். சந்தேகமாக இருந்தால் தோளைத் தொட்டு எழுப்புவாள். போகும்போது யன்னலைத் திறந்து விட்டுப் போவாள். நவம்பர்க் குளிர் உள்ளே அடித்தது. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிழவர்கள் முறையிட்டார்கள். ஒரு கிழவிக்குச் சளி பிடித்தது.

இல்லத்துக்குப் பொறுப்பானவள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, என்ன நடக்கிறது என்று மெதுவாகக் கேட்டாள். இத்தனை வருடத்தில் மேரிகிறேசைப் பற்றி ஒரு குறையும் வந்ததில்லை என்றும் சொன்னாள். காற்று வேண்டும், அவ்வளவுதான் என்றாள் மேரிகிறேஸ். சுகவீன விடுமுறை கொடுத்து அனுப்பினார்கள்.

அதோடு அவளுக்குப் பகலிலும் போக இடமில்லாமல் போனது. மேல்மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கீழ் அறையில் ஒரு மின்சூடாக்கியை வைத்துக்கொண்டு, தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு இருந்தாள். இதே அறையில்தான் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தூங்கினாள். ஒரு நாளாவது அவளுக்குத் தலை வலித்ததில்லை. அது அவளால் தாங்க முடியாததாக இருந்தது. தனக்கும் கொஞ்சம் நொந்திருந்தால் கவனித்திருப்பேனே என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அஜந்தினி வருவாள். அறைக்கு அறை நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி மாட்டிக் கொடுத்தாள். எரிக்க ஒன்றுமில்லாத வீட்டில் அவை சும்மா பச்சை விளக்கோடு இருந்தன. எங்களோடு வந்து இருங்கோ என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். பிறகு பார்ப்பம் என்பதுதான் பதில். போகும் முன் அஜந்தினி கீழ்த்தளம் முழுக்க நடந்து யன்னல்களைச் சாத்தி, சூடாக்கியைக் கூட்டி வைத்துவிட்டுப் போவாள்.

கார் தெருவளைவில் திரும்பும்வரை மேரிகிறேஸ் கதிரையில் இருப்பாள். பிறகு எழும்பி யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறப்பாள்.