பதின்மூன்றாம் மாதக் குழந்தை

மழைக்காலம் முடியப்போகும் கடைசி ஐந்து நாட்களில் யெஷிமெபெத்துக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாது. முழங்கால் வலியைக்கூட மறந்துவிட்டு வாசலுக்கு வந்து மழையில் நிற்பாள். அடிஸ் அபாபாவே குடைக்குள் ஒடுங்கும்போது இவள் மட்டும் நனைவாள். பாகுமே மாதம் அல்லவா! பன்னிரண்டு மாதங்கள் முப்பது முப்பது நாளாக ஓடி முடிந்தபின், மிச்சம் விழும் ஐந்து நாள்தான் எங்கள் பதின்மூன்றாவது மாதம். அதில் மூன்றாம் நாள் பெய்வது தேவதூதர் ரூஃபாயெலின் ஆசி மழை. யெஷி பிறந்ததும் அன்றுதான்.

ஆனால் எந்தக் காகிதத்திலும் அது இல்லை. அவளைச் சேர்த்துவிடப் போன பள்ளிக்கூடம் வெளிநாட்டுப் பாதிரிமார் நடத்தியது. "இந்த ஃபாரத்துல பன்னெண்டு மாசந்தாம்மா இருக்கு" என்று சொல்லி, எழுத்தர் புது வருடப் பிறப்பன்று பிறந்ததாக எழுதிவிட்டார். அம்மா அஸ்கலே வாசலில் நின்று சண்டை போட்டுப் பார்த்தாள். "பெத்தவ நானா, உங்க ஃபாரமா?" என்று கேட்டாள். யார் காதில் விழுந்தது! அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் புது வருடம் என்றால் யெஷிக்கும் பிறந்தநாள். தனியாக ஒரு வாழ்த்து அவளுக்குக் கிடைத்ததில்லை. அம்மா மட்டும் விடாமல், ரூஃபாயெல் மழையில் அவளை இழுத்துக்கொண்டு போய் நனைப்பாள்.

பெரியவளாகி, பியாசாவில் நாலாம் மாடி அலுவலகம் ஒன்றில் கணினி வேலைக்குச் சேர்ந்தாள். கிராமத்துச் சுகாதார நிலையங்களிலிருந்து, குழந்தை பிறந்த செய்தி கைபேசியில் ஒற்றை வரியாக வரும்: தாயின் பெயர், எண், பிறந்த நாள். எல்லாம் கிளவுடில் போய் வரிசையில் நிற்கும். யெஷியின் கணினி நிரல் ஒவ்வொன்றாக எடுத்து, எங்கள் தேதியை வெளிநாட்டுத் தேதியாக்கி, கட்டம் கட்டமாகப் பிரித்து, தடுப்பூசிப் பதிவேட்டுக்கு ஏற்ற வடிவத்தில் தள்ளிவிடும். நாற்பத்தைந்தாம் நாள் தாய்க்கு நினைவூட்டல் போகும். அதற்குள் நிலையத்துக்கு மருந்தும் போய்விடும். பதிவில் இல்லாத குழந்தைக்கு மருந்து கிடையாது.

நிரல் ஓடத் தொடங்கிய முதல் வருடம். புது வருடம் பிறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு காலையில் தொலைபேசி அடித்தது.

"எத்யே, அக்கா, நான் கோஜாம்லேருந்து தெமெக்கே, நர்ஸு பேசறேன். நாப்பது நாளா ஒரே சேதியைத் தினம் அனுப்பறேன். 'தேதி தவறு'ன்னு என் மூஞ்சியிலயே திருப்பி வீசுது உங்க மிஷினு."

"என்ன தேதி போட்டே?"

"பாகுமே ரெண்டு."

யெஷி கேட்டாள்: "மத்த நர்ஸுங்கல்லாம் என்ன பண்ணினாங்க?"

"புது வருஷம் ஒண்ணாந் தேதின்னு மாத்திப் போட்டாங்க, போயிடுச்சு. என்னையும் அப்படியே போடுன்னாங்க. என் கையில பொறந்த புள்ளை எத்யே! அது பொறந்த நாளை நானே எப்படிப் பொய்யா எழுதுவேன்? இன்னும் அஞ்சு நாள்ல ஊசி போடணும். அவங்கம்மா மூணு மணி நேரம் நடந்து வருவா. மருந்து இல்ல, திரும்பிப் போன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"சொல்ல வேண்டாம். நான் இருக்கேன்."

போனை வைத்த வேகத்தில் தன்னோடு நிரல் எழுதும் பக்கத்து மேசைத் தெஃபெரா மேல் பாய்ந்தாள். "மாசம் பன்னெண்டுக்கு மேல போனா தூக்கி எறின்னு எழுதின அறிவாளி யாரு? உனக்கு நம்ம ஊரு மாசம் தெரியாதா? எந்த நாட்டுல பொறந்தே?"

தெஃபெரா தன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். அந்த வரியைத் திரையில் கொண்டுவந்து, பக்கத்தில் எழுதியவர் பெயரைக் காட்டினான். யெஷிமெபெத்.

அடப்பாவமே! வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்த ஆயத்த வரியை யோசிக்காமல் எடுத்துப் போட்டவள் அவளேதான். அந்த எழுத்தரை ஆயுள் முழுக்கத் திட்டியவள், அவரே செய்யாத அளவுக்குச் செய்திருந்தாள். வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழறதை அப்புறம் வச்சுக்கோ, திருத்து மொதல்ல" என்றான் தெஃபெரா.

மதியத்துக்குள் திருத்திவிட்டாள். சரிபார்க்க ஒரு செய்தி அனுப்ப வேண்டும். எதை அனுப்புவது என்று யோசிக்கவே இல்லை; விரல்கள் தாமாகவே தட்டின. தாய்: அஸ்கலே. எண்: தன்னுடையது. பிறந்த நாள்: இப்போது முடிந்த வருடம், பாகுமே மூன்று. நிரல் ஒரு முனகல்கூட இல்லாமல் செப்டம்பர் எட்டு என்று மாற்றிக் கொடுத்தது. பிறகு தெமெக்கேயின் செய்தியையும், திரும்பி வந்து குவிந்து கிடந்த மற்றவற்றையும் மறுபடி ஓட்டினாள். தேதியை மாற்றிப் போட்டுப் போன குழந்தைகளை மட்டும் மீட்க முடியவில்லை. புது வருடத்தன்று நிஜமாகவே பிறந்தவர்களோடு அவர்கள் கலந்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் தெமெக்கே கூப்பிட்டாள். "ஊசி போட்டாச்சு எத்யே! ஊரே கேக்கற மாதிரி அழுதான்!" யெஷி அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் கைபேசி ஒலித்தது. சரிபார்க்க அனுப்பிய செய்தியை அழிக்க மறந்திருந்தாள்.

"அன்புள்ள அஸ்கலே, உங்கள் குழந்தைக்கு இன்று நாற்பத்தைந்து நாள். மறக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்."

அம்மா போய்ச் சேர்ந்து அப்போது பதினொரு வருடம் ஆகியிருந்தது.

அந்த நிரலை இப்போது யாரும் ஓட்டுவதில்லை, புதியது வந்துவிட்டது. அந்தப் பழைய கைபேசியை மட்டும் யெஷி இன்னும் மின்னேற்றி வைத்திருக்கிறாள். ரூஃபாயெல் மழையில் நனைந்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தச் செய்தியை ஒருமுறை படிப்பாள்.